மூன்றாவது பிளாஸ்டர்

ஜெரோமியின் காருக்கு அவனைவிட வயது அதிகம். பிடிவாதத்தில் மட்டும் இரண்டும் சரிக்குச் சரி. மூன்று வருடத்துக்கு முன்பு அது இடப்பக்கம் லேசாக இழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை ஒரு விரலளவு வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால் நேராகப் போகும். அப்படிப் பிடிக்கும்போது உச்சியில் வரும் இடத்தில் ஜெரோமி ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டினான். போன வருடம் இழுப்பு கூடியதும் இரண்டாவது பிளாஸ்டர். இந்த வருடம் மூன்றாவது. இப்போது கால் வட்டம் திருப்பினால்தான் வண்டி நேராக ஓடும்.

"மெக்கானிக்குக்கிட்ட காட்டுங்களேன்" என்று பிரேமினி கேட்காத நாளில்லை.

"ஸ்டியரிங்ல ஒன்னுமில்ல. ஹட்டன் ரோடு கோணல்."

பொண்டாட்டி பேச்சைக் கேட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்ற பயம்.

பிரேமினி டீச்சர். அவளை மாற்றிய, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடையாது. ஜெரோமி எழுந்து, டீ குடித்து, கொட்டாவி விட்டு, கொண்டுபோய் இறக்குவதற்குள் பள்ளி அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கிழித்திருப்பார். பதினாறு வருடம் பிந்தாமல் கையெழுத்துப் போட்டவள், இப்போது கோட்டுக்குக் கீழே போட்டாள். அது அவளை அறுத்தது. லைசென்ஸ் எடுத்தே தீருவது, அடுத்த வருடத்திலிருந்து தானே ஓட்டிப் போவது என்று முடிவெடுத்தாள்.

"நான் இருக்கும்போது ஓட்டப் பழக்க லேர்னர்ஸ்காரன் எதுக்கு? டெஸ்ட் அன்னைக்கு மட்டும் அவன் வண்டிய எடுத்தா போதும்" என்றான் ஜெரோமி. ஆறு மாதம் அவனே கற்றுக்கொடுத்தான். பாடம் ஒன்றுதான்: மூன்றாவது பிளாஸ்டர் மேலே இருக்கணும்.

டெஸ்ட் நாளும் வந்தது. லேர்னர்ஸ் நடத்தும் சுகந்தனின் புதுக் காரில், பரிசோதகர் பக்கத்தில் உட்கார, பிரேமினி மாதாவை நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். கை பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் வலப்பக்கம் திருப்பியது. கார் சொன்ன பேச்சைக் கேட்டு, ரோட்டைக் குறுக்கே தாண்டி, மழைத்தண்ணீர் ஓடும் எதிர்ப்பக்கக் கானை நோக்கிப் போனது. விளிம்பில் பிரேக் போட்டாள்.

பரிசோதகர் பைலை மூடினார். பிரேமினிக்குக் கண் கலங்கியது.

ஓரத்தில் நின்ற ஜெரோமி ஓடி வந்தான். "மானத்த வாங்கிட்டியேடி! எறங்கு, நான் காட்டுறேன்!"

யாரும் தடுப்பதற்குள் ஏறி, ரிவர்ஸ் எடுத்து, கம்பீரமாக முன்னே விட்டான். அவன் கையும் அதே கைதான். அவளாவது பிரேக் போட்டாள்; அவன் முன்சக்கரம் இரண்டையும் கானுக்குள் இறக்கிவிட்டான். சுகந்தன் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டான்.

"மிஸ்ஸுக்கு ஓட்டப் பழக்கினது யாரு?" என்று பரிசோதகர் சிங்களத்தில் கேட்டார்.

பிரேமினி கானைக் காட்டினாள்.

எந்த வண்டியில் என்று கேட்டுக்கொண்டு, அவர் நேரே போய் ஓரத்தில் நிறுத்தியிருந்த ஜெரோமியின் காரை எட்டிப் பார்த்தார். மூன்று பிளாஸ்டரையும் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், மனிதர் பானட்டில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாலு பேர் சேர்ந்து சுகந்தனின் காரைத் தூக்கி ரோட்டில் வைத்ததும், இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

இந்தத் தடவை பிரேமினி கையை அடக்கினாள். ஸ்டியரிங் நேராக இருந்தது, காரும் நேராகப் போனது. இவ்வளவு லேசான வேலைக்கா ஆறு மாதம் தோள்பட்டை கழன்றது என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. முச்சந்தி வரை போய்த் திரும்பி, கோடு தவறாமல் நிறுத்தினாள். பரிசோதகர் பாஸ் என்று எழுதினார்.

முழங்கால் வரை சேறோடு நின்ற ஜெரோமி, பெருந்தன்மையாகச் சாவியை நீட்டினான். "சரி, நீயே ஓட்டிட்டு வா."

அவள் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு வந்து சாவிய வாங்கிட்டுப் போய் எடுத்துக்கிடுவாரு. சரி பண்ணாம அதுல ஏற மாட்டேன், உங்களையும் ஏற விட மாட்டேன்."

ஊருக்குப் போகும் வட்டவளை பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒரு காலைப் படியில் வைத்து, காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"ராத்திரியில யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"ஏறுங்க. அவன் அடுத்த கான்லதான் கெடப்பான்."