கலண்டரில் கூட்டல் குறி

நிறஞ்சலா நண்டுக் கம்பனி பஸ்ஸால் இறங்கி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவளுடைய குசினிக்குள் பெற்றிசியா நின்று சுவரில் தொங்கிய கலண்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று, தாளைப் புரட்டிப் பிடித்து இன்னுமொன்று. வழக்கிலிருக்கும் காணிக்கு அளவெடுக்க வந்தவரின் கவனம் அதில் இருந்தது.

பெற்றிசியா பக்கத்து வீடு. கோயில் பங்கில் அயல் வீடுகள் சேர்ந்து நடத்தும் அன்பியக் கூட்டத்தின் தலைவியும் அவள்தான். தாழ்வுபாடு கிராமத்தில் அந்த ஒழுங்கையில் கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கும் ஒரே வீடும் அவளுடையது. மகன் கனடாவில்.

“வா பிள்ளை,” என்றாள். “உன்ர மனிசன் வின்சன்ட் கூட்டத்தில சொல்லேக்க நான் முழுசா நம்பேல்ல. வந்து பாத்தாப் பிறகு கண் கலங்கிட்டுது. நாளுக்கு ஒரு சிலுவை போட்டு ஒறுத்தல் செய்யிற குடும்பம் இந்தப் பங்கில வேற எது?”

நிறஞ்சலா கலண்டரைப் பார்த்தாள். கோயிலில் கொடுத்த கலண்டர். முடிந்த நாள் ஒவ்வொன்றின் கட்டத்திலும் நீலப் பேனையால் ஒரு கூட்டல் குறி. அவள் போட்டது. போடும்போது கூட்டலாக இருந்தது. இப்போது, பெற்றிசியா சொன்ன பிறகு, முழுச் சுவரும் சிலுவை நட்ட சவக்காலை மாதிரித் தெரிந்தது.

“குருத்தோலை ஞாயிறு மிச்சம் பிடிச்ச காசை அந்தப் பால்மா ரின்னோடயே கொண்டு வாங்கோ. பீடத்துக்கு முன்னால வைச்சு பாதர் ஆசீர்வதிப்பார். மற்ற ஆக்களும் பாத்துப் படிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு பெற்றிசியா போனாள். போகும்போது, தண்ணீர் வேண்டுமென்றால் இருட்டுவதற்குள் வரச் சொன்னாள்.

கூட்டல் குறி நிறஞ்சலாவுக்குத் தகப்பனிடமிருந்து வந்தது. அவர் மன்னார் பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். கடை பூட்டியதும் அன்றைய நாள் தேறியதா தேறவில்லையா என்பதைக் கதவுக்குப் பின்னால் சோக்கட்டியால் ஒரே குறியில் போடுவார். தேறினால் கூட்டல், தேறாவிட்டால் கழித்தல். எவ்வளவு என்று எழுதமாட்டார், எழுதினால் அது மனிசியின் கண்ணிலும் படும் என்பது அவருடைய நியாயம். மகளுக்குச் சீதனமாக அவர் கொடுத்தவற்றில் இன்றுவரை பழுதாகாமல் கிடப்பது அந்தக் குறி ஒன்றுதான்.

குழாய்த் தண்ணீர் அந்த ஒழுங்கைக்குக் காலை எட்டுக்கு வந்து பத்துக்கு நின்றுவிடும். கம்பனி பஸ் ஏழுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த இரண்டு மணித்தியாலமும் வீட்டில் இருப்பவன் வின்சன்ட். விடிய வள்ளத்தால் வந்தவன் வாயைத் திறந்தபடி படுத்திருப்பான். குழாய் திறந்து, ஓடி, வாளி நிறைந்து, வழிந்து, நின்றுபோவதெல்லாம் அவனுடைய குறட்டைக்குப் பத்தடி தூரத்தில் நடக்கும். பின்னேரம் நண்டு மணக்கும் கையோடு வரும் நிறஞ்சலா இரண்டு பிளாஸ்ரிக் கலனைத் தூக்கிக்கொண்டு பெற்றிசியாவின் வேலிக்குப் போவாள். பெற்றிசியா தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு கலனுக்கு ஒரு புத்திமதி. பிள்ளைக்கு ஏன் பேன், உன்ர மனிசன் ஏன் பூசைக்குப் பிந்தி வாறான், நீ ஏன் இப்பிடிக் காய்ஞ்சுபோனாய். ஏழு வருடமாக நிறஞ்சலா இந்த விலைக்குத்தான் குளித்தாள்.

போன மார்கழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்று, குழாயோடு பொருத்திவிட்டால் ஆள் நில்லாமலே நிறையும். யாரிடமும் கேளாமல், சீட்டுப் போடாமல், வீட்டுக்குள்ளேயே சுரண்டி எடுப்பது. தை முதலாம் திகதி கலண்டர் ஆணியில் ஏறியது. கரண்ட் மீற்றரை விடிய ஒருக்காலும் பொழுதுபட ஒருக்காலும் பார்த்தாள். காஸ் சிலிண்டர் மாற்றிய திகதியை அதன் வயிற்றிலேயே எழுதி வைத்தாள். கம்பனியில் எறிகிற, வெள்ளை நுரையாலான உடைந்த றிஜிபோம் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அரிசியை ஒரு கொதி கொதிக்க விட்டு இறக்கி, பழைய சாரத்தால் சுற்றி, அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினால் சோறு தன்பாட்டில் அவிந்துவிடும். மீனைக் குளிராய் வைத்திருக்கிற பெட்டி சோற்றைச் சூடாய் வைத்திருக்காதா என்பது அவளாகக் கண்டுபிடித்தது. தேங்காய் நாளுக்குப் பாதி. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டித் துண்டு ஒன்று, அதையும் கடித்துக் கடித்து மூன்று தேத்தண்ணி. மகள் முகத்தைச் சுளித்தாள். இப்போது அவளே கடித்துவிட்டு மிச்சத்தைப் பத்திரப்படுத்துகிறாள். எல்லாம் சரியாக நடந்த நாளுக்கு ஒரு கூட்டல். மாதம் முடிய மிஞ்சியது பால்மா ரின்னுக்குள். சிலிண்டர் முந்தி இரண்டு மாதம் தாக்குப்பிடிக்காது. இந்த முறை எழுபதாவது நாளும் நீலமாக எரிந்தபோது, அடுப்புக்கு முன்னால் தனியே நின்று அவள் சிரித்தாள்.

இதில் வின்சன்டின் பங்கு, இரண்டு கரண்டி சீனியும் பால்மாவும் போட்ட தேத்தண்ணி குடித்தது. அதை அவள் குறைக்கவுமில்லை. கடலுக்குப் போகிற உடம்பு என்று விட்டாள். அவனுடைய சீனியை ஈடுகட்டத்தான் தன்னுடைய பனங்கட்டியை நாலாக உடைத்தாள்.

அன்று பின்னேரம் வின்சன்ட் எழும்பி வந்து கதிரையில் இருந்தான். என்ன நடந்ததென்று கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. தபசுகாலம் தொடங்கி மூன்றாம் கிழமை, கூட்டத்தில் ஒவ்வொரு வீடாக எழுப்பி என்ன ஒறுத்தல் என்று கேட்டார்களாம். ஒருவர் இறைச்சி விட்டாராம், ஒருவர் சிகரெட் விட்டாராம், ஒரு பெடிச்சி போனில் ரிக்ரொக் பார்ப்பதைக்கூட விட்டாளாம். இவன் முறை வந்தது. சொல்வதற்கு ஒன்றுமில்லை. கலண்டர் நினைவுக்கு வந்தது. சொன்னான். கைதட்டினார்கள். கைதட்டக் கைதட்ட, ரின்னையும் சொல்லிவிட்டான்.

“நான் என்ன பொய்யா சொன்னனான்? செய்யிறம்தானே.”

“செய்யிறம் எண்டு ஆரைச் சொல்லுறீங்கள்?” அவள் குரலை உயர்த்தவில்லை. “ஒறுத்தல் எண்டா தன்ர வாயைத் தானே கட்டுறது. நீங்கள் எதைக் கட்டினீங்கள்? என்ர வாயைத்தானே கட்டினீங்கள்.”

“இப்ப ஏன் சண்டைக்கு வாறாய். கோயிலுக்குத்தானே போகுது.”

“தை மாசத்தில என்ன தபசு? அதிலயும் போட்டிருக்கிறன், புரட்டிப் பாருங்கோ. அது லாபக் குறி. எங்கட அப்பான்ர குறி.”

வின்சன்ட் புரட்டிப் பார்த்தான். “சனம் இப்ப சிலுவை எண்டுதான் பாத்திட்டுது,” என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை, அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. மிச்சம் பிடித்த காசு அவளுடையது. அதற்கு ‘சிக்கனம்’ என்று பெயர் இருக்கும்வரை அவளுடையது. ‘ஒறுத்தல்’ என்ற ஒரு சொல்லை யாரோ வாயால் அதன்மேல் வைத்துவிட்டால் அன்றோடு அது கோயில் பெட்டிக்குரியது, அதில் கை வைப்பவள் கள்ளி. பஜாரில் அவள் எத்தனையோ ஏமாற்று வியாபாரம் பார்த்திருக்கிறாள். தராசுக்கடியில் காந்தம் வைத்தவனையும் தெரியும். பொருளைத் தொடாமல், தூக்காமல், பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுபோகிற வியாபாரத்தை இப்போதுதான் பார்த்தாள். அவள் கலன்களை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வின்சன்ட் பால்மா ரின்னைச் சாமிப் படத் தட்டில், மாதா சுருவத்தின் காலடியில், ஏற்றி வைத்திருந்தான். அங்கே வைத்தால் அவள் எடுக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பதினொரு வருடம் கூட வாழ்ந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார்கள். வின்சன்ட் குடும்பத்தின் முன்மாதிரி என்று ஒலிபெருக்கியில் வந்தது. வெளியில் நாலைந்து ஆம்பிளைகள் வின்சன்டின் தோளில் தட்டினார்கள். பெண்கள் நிறஞ்சலாவிடம் சோற்றுப் பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வின்சன்ட் எவ்வளவு பொறுப்பான மனிசன் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கை நின்றபாடில்லை. ஒரு முழுத் தேங்காயைத் துருவினாள். பத்தாதென்று இன்னொன்றை உடைத்தாள். காஸ் அடுப்பு இரண்டையும் முழு வீச்சில் திருகிவிட்டாள். பெட்டியைக் காலால் தள்ளினாள். பட்டப்பகலில் எல்லா லைற்றையும் போட்டு, ஆளில்லாத அறையில் காற்றாடியையும் சுழலவிட்டாள். எரியட்டும் என்று நினைத்தாள். பாரை மீனுக்கு முதற்பால் திக்காக விட்டுக் குழம்பு வைத்தாள். மீற்றர் ஓடுகிற சத்தம் கேட்கும்படியானதல்ல. அவளுக்குக் கேட்டது. தன் நகத்தைத் தானே பிடுங்குவது மாதிரி இருந்தது.

வின்சன்ட் இரண்டாம் தரமும் சோறு போட்டுக் குழைத்தான். “இண்டைக்குத்தான் கறி கறி மாதிரி இருக்கு,” என்றான். பிறகு யோசித்து, “ஞாயிற்றுக்கிழமையில ஒறுத்தல் இல்லைத்தானே, பிழையில்லை,” என்றான். கை கழுவி, துடைத்து, கலண்டருக்குப் போனான். ஆணியில் கட்டியிருந்த நீலப் பேனையை எடுத்து அன்றைய கட்டத்தில் தானே ஒரு குறி போட்டான். கூட்டல் குறியல்ல. கீழ்க்கால் நீட்டி, மேலே சிறிதாக்கி, ஒழுங்கான சிலுவை.

நிறஞ்சலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தேங்காயும், பால்போல் எரிந்த லைற்றும், எழுபத்தாறு நாள் தாங்கிய சிலிண்டரின் கடைசி மூச்சும் போன நாள். தகப்பன் கதவில் நீளமாக ஒரு கழித்தல் போட்டிருப்பார். அவள் ஒவ்வொரு லைற்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் வழமைபோல இரண்டு கரண்டி சீனி போட்டு அவனுடைய தேத்தண்ணியை வைத்தாள். வின்சன்ட் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கம்பனியில் அரைநாள் லீவு எடுத்தாள். வின்சன்ட் கோயிலடிக்குப் போயிருந்தான், வீட்டில் யாருமில்லை. மாதா சுருவத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். “இது உமக்கெண்டு நான் தரேல்ல. நீரும் கேக்கேல்ல,” என்றாள். ரின்னை இறக்கித் தோள்பையில் வைத்துக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினாள்.

தண்ணீர்த் தாங்கி விற்கும் றிஷாட்டின் கடை பஜாரில் தகப்பனுடைய கடை இருந்த வரிசையிலேயே. அவள் நாலு தாங்கியையும் தட்டிப் பார்த்தாள், மூடியைத் திருகிப் பார்த்தாள், ஒன்றுக்குள் தலையை விட்டு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். விலையைக் கேட்டுவிட்டு வாசல்வரை போய் ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.

“தங்கச்சி, நில்லுங்கோ. உண்மையாப் போறவ திரும்பிப் பாக்காம போவா,” என்றான் றிஷாட்.

“நான் உங்களைப் பாக்கேல்ல, றிஷாட் நானா. அந்தக் கீறலைப் பாத்தனான். பக்கவாட்டில ஒரு சாண் நீளத்துக்குக் கிடக்கு.”

“அது லொறியில உரஞ்சினது. தண்ணிக்கு என்ன தெரியும்?”

“தண்ணிக்குத் தெரியாது. அடுத்ததா வாங்க வாற ஆளுக்குத் தெரியும்.”

றிஷாட் சிரித்துவிட்டான். அவளுடைய தகப்பனின் பெயரைச் சொல்லி, மனிசன் செத்தும் விலை குறைக்கிறார் என்றான். அரைமணித்தியாலம் போனது. கடைசியில் விலை இறங்கியது, குழாயும் அதை வளைத்துப் பொருத்தும் இரண்டு முழங்கைத் துண்டும் சும்மா, வாகனக் கூலியும் அவனுடைய தலையில். ரின்னைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு பனங்கட்டித் துண்டும் விழுந்தது. மகள் போட்டிருக்கவேண்டும். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கிழமையில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த அரைமணித்தியாலம்தான்.

சின்ன லொறி தாழ்வுபாட்டுச் சந்திக்கு வந்தபோது நாலரை. அதற்கு மேல் போக முடியவில்லை. தபசு வெள்ளி, ஒழுங்கை நீளத்துக்கும் சிலுவைப்பாதை ஊர்வலம். சாரதி றுஸ்தி எஞ்சினை நிற்பாட்டி, இது முடிய ஒரு மணித்தியாலம் ஆகுமா அக்கா என்று கேட்டான்.

“இறக்குங்கோ. நான் உருட்டிக்கொண்டு போறன்.”

“சனத்துக்குள்ளாலயோ?”

“என்ர வீடு அங்காலதானே கிடக்கு.”

கறுப்புத் தாங்கி சாய்ந்து நிலத்தில் விழுந்தபோது இடி மாதிரி ஒரு சத்தம். வெறும் தாங்கி பாரமில்லை, ஆனால் ஆளைவிட அகலம். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினாள். கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது முழங்கியது. பின்வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தாங்கியையும் ராங்கி என்று சொல்கிற ஊர் அது, திமிர் பிடித்த பெண்ணையும் ராங்கி என்றுதான் சொல்லும். இரண்டு ராங்கியும் வருகுது என்று யாரோ ஒருவர் அடிக்குரலில் சொல்ல, பக்கத்தில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் காதில் விழுந்தது. இன்னும் பலமாகத் தள்ளினாள்.

முன்னால் ஒலிபெருக்கியில் பெற்றிசியா சிலுவைப்பாதையின் அடுத்த தலத்துக்குரிய செபத்தை வாசிக்கத் தொடங்கினாள். சனம் முழுவதும் தார் ரோட்டில் முழந்தாளிட்டது. நடுவில் நின்றவன் வின்சன்ட் மட்டும்தான். முன்மாதிரிக் குடும்பமென்று இந்தக் கிழமை சிலுவையை அவனிடம் கொடுத்திருந்தார்கள். பெரிய சிலுவை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால்தான் நிற்கும். அவன் அவளைக் கண்டான். கையைக் காட்டி நிற்பாட்டவும் முடியவில்லை, முகத்தை மறைக்கவும் முடியவில்லை.

முழந்தாளில் இருந்த ஒரு பெண் தன் சேலைக் கரையை மெல்ல இழுத்து எடுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் முழங்காலாலேயே ஒரு அடி நகர்ந்தாள். ஒலிபெருக்கி வாசித்துக்கொண்டே இருந்தது. பெற்றிசியாவின் குரல் தாங்கியின் திறந்த வாய்க்குள் போய்ச் சுற்றி, யாருடையதென்று தெரியாத தடித்த குரலாக வெளியே வந்தது. சனம் ஒரே வாயாகப் பதில் சொன்னது, அதுவும் உள்ளே போய் வந்தது. நிறஞ்சலா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கறுப்பாக, உயரமாக, தாங்கி வின்சன்டை நோக்கி உருண்டது.