புது ஸ்பீக்கர் இளகவில்லை

"தகரத்துல ஆணிய வச்சு இழுத்த மாதிரி இருக்கு ஆத்தா," என்றார் ஆரோக்கியசெல்வம். அனுமந்தன்பட்டிக் கோயில் பாடற்குழுவை நடத்துபவர். "நாளான்னைக்குத் திருவிழாப் பூசை. இதே சத்தம்னா கிடார் வேணாம், கீபோர்டு போதும்."

பழைய ஸ்பீக்கர் கிழிந்ததால், குழுவில் கிடார் வாசிக்கும் பெனிட்டா தன் ஆம்ப்ளிஃபயரில் புதிது மாட்டியிருந்தாள்.

"காகிதக் கோன் வெறப்பா இருக்குண்ணே. கனத்த தந்திச் சத்தத்த ஓடவிட்டா இளகும்னு தேனிக் கடையில சொன்னாக."

"நாளைக்கு ஒத்திகையில பாப்போம்."

வீட்டில் பகல் முழுக்க ஓட்டினால் தெருவே சண்டைக்கு வரும். கனத்த தந்திகளை மட்டும் வாசித்துப் போனில் பதிந்து, ஆம்ப்ளிஃபயரோடு தம்பி ஜோவின் திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் மதியம் போனால், பந்தலுக்கடியில் பருந்து கீச்சிட்டது.

"ஏலே ஜோ! என்னலே இது?"

"உன் வாசிப்புக்குக் கிளியெல்லாம் பந்தல்லயே உக்காந்து தலையாட்டுச்சுக்கா. அதான் போன்ல பருந்துச் சத்தத்தப் போட்டேன். பழத்தத் திங்க ஒண்ணு வரணுமே!"

"எப்பப் போட்ட?"

"காலையிலயே."

"கீச்சுச் சத்தத்துக்குக் கோன் அசையவே அசையாதுலே. எப்படி இளகும்?"

ஜோ தலையைச் சொறிந்தான். "கடையில இன்னொரு ஸ்பீக்கரு கேக்க வெல்லமா இருந்துச்சே, அத எடுத்திருக்கலாம்."

"தனியாக் கேட்டா வெல்லம். அத்தன பேரு பாடுறப்ப முங்கிப்போகும்." சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. தப்பாகத்தான் எடுத்துவிட்டோமோ?

கொண்டுவந்திருந்த கிடாரை மாட்டி, பழப்பெட்டியில் உட்கார்ந்து தானே வாசித்தாள். ஜோ பக்கத்து வரிசையில் குலை வெட்டப் போனான்.

"அக்கா, இப்ப நல்லாருக்கே!"

"பொய் சொல்லாத. காது கிழியுது."

"ஸ்பீக்கர் மூஞ்சிக்கு நேரா உக்காந்தா? இங்கன வந்து கேளு."

வாசித்துக்கொண்டே, வயர் எட்டும் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தாள். கீச்சு குறைந்து ஓசை உருண்டது. ஸ்பீக்கர் இளகுமா என்று பார்த்தாளே தவிர, அது கோயிலில் யார் காதைப் பார்த்து நிற்கிறது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் கோயில் ஒத்திகையில் ஆம்ப்ளிஃபயரை நாற்காலியிலிருந்து தரைக்கு இறக்கித் தூண் பக்கம் திருப்பி வைத்தாள். எல்லாரும் உச்சத்தில் பாடியபோதும் கிடார் முங்காமல் கூடவே வந்தது.

"பரவால்லயே, இளகிருச்சு!" என்றார் ஆரோக்கியசெல்வம்.

"இன்னும் இல்லண்ணே. திருப்பி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. தூணுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் போய்க் குனிந்தார். "எங்க, அடி."

அடித்தாள். காதைப் பொத்திக்கொண்டு அவர் துள்ளியதில் பாடற்குழுவே சிரித்தது. தன் இடத்துக்குத் திரும்பி, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நாளைக்கு எவனாச்சும் அந்தப் பெட்டிய நகட்டுனீக, கோயிலுக்கு வெளியதான் பாடணும்," என்றார்.