திரும்பும் வண்டியில் மேனேஜர்

அருவருப்பு எனக்கு அவ்வளவு சுலபத்தில் வராது. இருபது வருடமாகப் பல்செட் செய்யும் லேபில் வேலை. முகம் தெரியாதவர்களின் வாய் அச்சுகள் எச்சில் காயாமல் என் மேஜைக்கு வரும். கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் பதித்து அனுப்புவேன். அதே மேஜையில் ஒரு ஓரமாக டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடவும் செய்வேன். அப்படிப்பட்ட எனக்கே, ஒரு கிழட்டுப் பூனையை நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோகக் கிளம்பிய அந்த ஒரு மாதத்தில் பார்த்த மனிதர்களை நினைத்தால் இன்னமும் குமட்டுகிறது.

பூனையின் பெயர் மேனேஜர். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். பதினேழு வருடத்துக்கு முன் ஆபீஸ் குடோனில் கண் திறக்காமல் கிடந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவரும் அவர்தான். கொஞ்சம் வளர்ந்ததும் அது, யார் சமைத்தாலும் எட்டிப் பார்த்தது, யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிட்டது, தான் மட்டும் ஒரு வேலையும் செய்யவில்லை. "அப்படியே எங்க மேனேஜர்" என்றார் அவர். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது மேனேஜருக்கு ஒரு கண் பூத்துவிட்டது. சிறுநீரகம் பாதிதான் ஓடுகிறது. கடைவாயில் எச்சில் வடியும். மண் தட்டு வரை நடக்கத் தெம்பில்லாமல் பாதி வழியிலேயே ஒன்றுக்குப் போய்விடும். வீட்டில் வாடை வர ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுக்காரர் அதைத் தொடுவதை நிறுத்திவிட்டார். நான்தான் துடைப்பேன், நான்தான் மாத்திரை கொடுப்பேன். அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அந்த நேரத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. சாமான்களுக்கு லாரி, எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட், இரண்டும் கம்பெனி செலவு. சைக்கிளுக்குக்கூட அந்தப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. உயிருள்ள எதற்கும் இல்லை.

மூட்டை கட்ட உதவுகிறேன் என்று வந்தாள் என் நாத்தனார். வந்தவள் ஒரு டம்ளரைக்கூடக் காகிதத்தில் சுற்றவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதையும் கட்டி இழுத்துட்டுப் போகப்போறீங்களா அண்ணி? மீன் மார்க்கெட்ல விட்டுடுங்க. ராஜா மாதிரி இருக்கும்."

"பல்லே நாலுதான் இருக்கு. மார்க்கெட்ல போய் என்னத்தைத் திங்கும்?"

"அதுக்காக? வயசானதை எல்லாம் தூக்கிட்டு அலைய முடியுமா?"

"உன் மாமியாருக்கும் ஒரு கண்ணு தெரியாதே. அவங்களை எந்த மார்க்கெட்ல விடப்போற?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் காதில் ஓதாமல் போயிருக்க மாட்டாள்.

விமானக் கம்பெனியில் பேசிய பெண், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிராணியை ஏற்றுவதில்லை என்று பாட்டுப் பாடுவது மாதிரி சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். ரயிலில் கார்டு பெட்டியில் பிராணிகளுக்குக் கூண்டு உண்டு, மலிவு என்றார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். இரும்புக் கூண்டு. அடியில் முந்தைய நாய் போனது காய்ந்து ஓடாகி இருந்தது. அதற்கு முந்தையதும் இருந்தது. கழுவ மாட்டீர்களா என்றால், "அடுத்தது வந்து மறுபடி போகத்தானே போகுது" என்று அந்த ஆள் பல்லைக் காட்டினான். நான் செய்து கொடுக்கிற பல் எவ்வளவோ தேவலை.

சாமான் லாரி ஏஜென்ட் இன்னும் தாராளம். "வாஷிங் மெஷின் டிரம்முக்குள்ள வெச்சுடலாம் மேடம். மூடியை லேசாத் திறந்து வெச்சா காத்து வரும். நிறைய பேருக்குப் பண்ணியிருக்கோம்." அந்த நிறைய பேரில் எத்தனை உயிரோடு போய்ச் சேர்ந்தன என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தான். அவன் யோசித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கால்நடை டாக்டர் சான்றிதழ் தர மறுத்தார். "பாதி வழியில போயிட்டா என் கையெழுத்துதான் நாறும். பேசாம ஊசி போட்டுடலாம், அஞ்சு நிமிஷம். இந்த மாசம் சலுகைகூட இருக்கு." பாத்திரக்கடையில் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் கூடையைத் தூக்கியதும் பின்னாலேயே வந்து, "கொண்டுபோறதுன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. முழுசா ரெண்டு நாள் வயித்துல எதுவும் இறங்கலைன்னா இதோட கிட்னி தாங்காது" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரை மன்னிக்கலாம் என்றால், சலுகை ஞாபகம் வந்துவிடுகிறது.

கடைசியில் வழி சொன்னது ஒரு பிணவண்டி டிரைவர்.

எங்கள் லேப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்சந்தில் இருக்கிறது. இங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் நாட்டின் அந்த முனையில் இறந்துபோனால், உடலை ஐஸ் பெட்டி வைத்த வேனில் கொண்டுவருவார்கள். வேன் அந்த ஊருடையது; வரும்போது பாரம், திரும்பும்போது காலி. அப்படி அடிக்கடி வந்துபோகிற டிரைவர் ஒருவருக்கு நான் மேல்வரிசைப் பல் செய்து கொடுத்திருந்தேன். அதைச் சரிபார்க்க வந்தவர், என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "என் வண்டி காலியாத்தான்மா திரும்புது. முன்னாடி சீட்டு இருக்கு. டீசல்ல கொஞ்சம் பங்கு குடுங்க, போதும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா" என்றார்.

எனக்கு என்ன ஆட்சேபணை? மற்றவர்களுக்குத்தான் வந்தது. நாத்தனார் போனில் கத்தினாள். "பிணவண்டியிலயா புது வீட்டுக்குப் போவ?" என்று முகம் சுளித்த வீட்டுக்காரர், ஒரு இரவு யோசித்துவிட்டு, மறுநாள் காலையில் சட்டென்று இறங்கி வந்தார். "சரி, உன் இஷ்டம். டிரைவர் நம்பரைக் குடு. பாதுகாப்புக்கு." அக்கறை என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் விமானம் ஏறினார். நான் மேனேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

வண்டி பளிச்சென்று இருந்தது. டெட்டால் வாடை. ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்த மாதம் முழுக்க நான் கால் வைத்த இடங்களிலேயே சுத்தமான இடம் அதுதான். ஒரே வருத்தம், நான் பார்த்துப் பார்த்துச் செய்த பல் அவர் வாயில் இல்லை. சட்டைப்பையில் பேனாவோடு கிடந்தது. "ஓட்டும்போது உறுத்துதும்மா" என்றார். திட்டினேன். சிரித்தார்.

வழியில் எங்களை யாரும் கிட்டே சேர்க்கவில்லை. டீக்கடைக்காரன் "அங்கேயே நில்லுங்க" என்று கைகாட்டி, டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு ஒதுங்கினான். குடித்து முடித்ததும் அந்த டம்ளரைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டான். பிராணிகளுக்குச் சான்றிதழ் கேட்கிற சோதனைச்சாவடியில் மட்டும் வேறு கதை. போலீஸ்காரர் வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். உள்ளே மேனேஜர் ஒரு கண்ணால் அவரை மேற்பார்வை பார்த்தபடி அரசு மரியாதையோடு எல்லையைக் கடந்தது.

ஆனால் அது சாப்பிடவில்லை. முதல் நாள் மீனை மசித்து நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. இறைச்சிச் சாறு வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் வாய்க்குள் விட்டதையும் அப்படியே வழிய விட்டது. இரண்டாம் நாள் மதியம் வரை ஒரு வாய் இறங்கவில்லை. தூக்கினால் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. டாக்டர் சொன்ன இரண்டு நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். குழாயடியில் மேனேஜர் நனைத்த துண்டை அலசிப் பிழிந்துகொண்டு திரும்பினேன். டிரைவர் வண்டியின் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து பல்லை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஏதோ முக்கியமான பேச்சு என்று புரிந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். மனசுல வெச்சுக்கிட்டு ஓட்ட முடியல. நேத்தே சார் போன் பண்ணினார்."

"எங்க வீட்டுக்காரரா? எதுக்கு?"

"வழியில எங்கயாவது நிறுத்துறப்போ கூடையைத் திறந்து விட்டுடச் சொன்னார். தானா ஓடிப்போச்சுன்னு சொல்லிடுங்க, அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னார். இன்னைக்குக் காலையில மறுபடி பண்ணி, ஆச்சான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? என் வண்டியில ஏத்தினதை நான் வழியில இறக்கினதில்லைன்னேன். மழை, வெள்ளம், கலவரம், எதுலயும் இறக்கினதில்ல."

துண்டு கையிலிருந்து விழுந்தது. பங்குக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மூத்திரத் துண்டு குமட்டாத எனக்கு, காய்ந்த நாய்க்கூண்டு குமட்டாத எனக்கு, இருபத்தி மூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட ஆளை நினைத்ததும் குடல் வெளியே வந்தது. விட்டால் ஓடிப் போகுமாம். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஜீவன், நெடுஞ்சாலையில் எங்கே ஓடும்? லாரிச் சக்கரத்துக்கு அடியில்தான் போகும். அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அதையும் தன் கையால் செய்யத் துணிவில்லாமல், ஊரான் கையால், என் கண் மறைவில்.

சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்க? சாப்பிட்டியா?" குரலில் தேன் ஒழுகியது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "பூனை எப்படி இருக்கு?"

அந்த இடைவெளியில் அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். என் அழுகைக்கு. என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட எழுதி வைத்திருப்பார்.

"இருக்கு" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு வழி நெடுக ஒரே வேலை. அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் அடித்து அடித்துத் திருத்தினேன். முதலில் பத்து வாக்கியம் இருந்தது. புது ஊரின் விளக்குக் கம்பங்கள் தெரிகிறபோது அது ஒரே வாக்கியமாகக் குறுகியிருந்தது. "இந்த வீட்டுக்குள்ள அது வராதுன்னா நானும் வரமாட்டேன்."

மூன்றாம் நாள் காலை. வீட்டு வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். அவர் பின்னால் வெள்ளைத் தரை பளபளத்தது. எதிர் வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டியை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொல்லு. எல்லாரும் பார்க்கிறாங்க."

நான் கூடையோடு இறங்கினேன். மேனேஜர் துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. விலா ஏறி இறங்குவதை உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். டேஷ்போர்டிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"சார், கையெழுத்து."

"எதுக்கு? வண்டி காலியாத்தானே வந்தது?"

"காலின்னா காலின்னு எழுதியிருப்பேன். இது காலியா வரல. ஒப்படைக்கிறப்போ வீட்டாள் முகத்தைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். ஆள் மாறிடக் கூடாதில்ல? எங்க தொழில்ல அதுதான் முறை. பாருங்க சார்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குத் தப்பிக்க வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். துண்டை இரண்டு விரலால் விலக்கினார். அந்த முகத்தை அவர் பார்த்தே பல மாதம் ஆகிறது. பூத்த கண், ஒட்டிய கன்னம், காய்ந்த எச்சில். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றோ என்னவோ, "மேனேஜர்" என்றார்.

மேனேஜர் தலையைத் தூக்கியது.

கால்கள் துண்டில் வழுக்கின. மறுபடி ஊன்றியது. தட்டுத் தடுமாறிக் கூடை விளிம்பில் ஏறி, அவர் கையைத் தேடி, எச்சில் வடிகிற வாயை அப்படியே உள்ளங்கையில் வைத்தது. தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம். இரண்டு நாளாக மடியில் வைத்துக்கொண்டு வந்த எனக்குக் கேட்காத சத்தம். எனக்கு மேனேஜர்மேலும் அருவருப்பு வந்தது. சீ, உன்னைச் சாகடிக்கச் சொன்ன கை அது.

அவர் முகம் கோணியது. கையை இழுக்கப் போனார்.

நான் பையைத் துழாவி மசித்த மீனை எடுத்தேன். என் விரலில் வைத்து நீட்டினேன், மேனேஜர் திரும்பவில்லை. அந்த மீனை வழித்து அவர் உள்ளங்கையில் அப்பினேன். அது மோந்தது. நாக்கு வெளியே வந்தது. ஒரு நக்கு. இன்னொன்று. தொண்டை ஏறி இறங்கியது.

மனசுக்குள் அடித்துத் திருத்திக் கொண்டுவந்த வாக்கியம் என் பல்லுக்குப் பின்னால் நின்றது. சொன்னால் அந்தக் கை விலகும். மீன் அவர் மணிக்கட்டில் வழிந்து இஸ்திரிச் சட்டையின் கைக்குள் இறங்கியது. அவர் கண் கலங்கியிருந்தது. வெட்கமோ, பாசமோ, நாற்றமோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"உள்ள போய்க் கை கழுவிட்டு வந்துடறேனே" என்றார் மெதுவாக.

"கையை எடுக்காதீங்க" என்றேன். "அது இன்னும் சாப்பிடுது."