பதினோரு டாலர் பந்து

1

அந்தப் பந்துக்கு நான் சொன்ன விலை பதினோரு டாலர். ஒருவனுடைய வலது முழங்கையும் அதோடு போயிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பன்னிரண்டைத் தாண்டியிருக்க மாட்டேன்.

இந்தக் கதை என்னிடம் வந்தது பேரத்தில்தான். அயோவாவில் ஆற்றங்கரையோரம் எங்கள் ஊர். பேஸ்பால் மைதானத்து வாசலுக்கு எதிரே வீரர்களின் படம் போட்ட அட்டைகளும் கையெழுத்திட்ட மட்டைகளும் விற்கிறேன். எங்கள் அணி பெரிய லீகுக்குப் பல படி கீழே கிடப்பது. இங்கே ஆடும் பையன்கள் மேலே போவார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போவார்கள். மே மாதத்தில் ஒரு மதியம் அணியின் கேட்சர் (எறிகிற பந்தைப் பிடிப்பவன்) யோஹான் புரோச்சே, வெனிசுவேலாக்காரன், ஒரு பந்தை என் மேசையில் உருட்டினான்.

"எவ்வளவு தருவ முதலாளி?"

"பதினொண்ணு."

"பதினொண்ணா? ஏழு இன்னிங்ஸ்லயும் ஒரு அடிகூட விழாத ஆட்டத்துப் பந்து!"

"நம்ம லீக்லதானே விழல? பெரிய லீக்ல விழாம இருந்திருந்தா கடையையே எழுதித் தந்திருப்பேன்."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. அது விக்கிறதுக்கு இல்ல."

விலை ஏறட்டும் என்றுதான் அவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு டாலர் ஏறியது.

2

முதல் தொடக்கம்: கான்சாஸின் கோதுமை வயல்களுக்கு நடுவே, பொன்னிற மாலையொன்றில், ஒரு சிறுவன் களஞ்சியச் சுவரை நோக்கிப் பந்தை

வேண்டாம். அந்தப் பந்தை எறிந்த டால்டன் ஸ்டாங்கலின் அப்பா பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர். கான்சாஸ் என்று எழுதியதும் கூப்பிடாமலே கோதுமை வந்து நிற்கிறது. (யோஹானும் அவனைக் 'கோதுமை' என்றுதான் கூப்பிடுகிறான். டால்டன் ஒரு நாள்கூட வயலில் கால் வைத்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: மணிக்குத் தொண்ணூற்றாறு மைல்.

இது பரவாயில்லை. பத்தொன்பது வயதில் டால்டன் எறிந்த வேகம் அது. அதைப் பார்த்துத்தான் பெரிய அணி ஒன்று அவனை வாங்கி, பழகிவரட்டும் என்று எங்களிடம் அனுப்பியது. முதல் வருஷம் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. கோழி வேஷம் கட்டிக்கொண்டு மைதானத்தில் குதிக்கும் ஆளைக்கூட ஒரு தடவை அடித்தான். பிறகு அவனும் யோஹானும் மோட்டல் வாசல்களில், கார்களுக்கு நடுவே, எறிந்து எறிந்து ஒரு பந்தைக் கண்டுபிடித்தார்கள். வேகப்பந்து மாதிரியே கிளம்பி, வழியில் சோம்பிவிடும் பந்து. இரண்டாம் வருஷம் அடிக்க வந்தவர்கள் வெறும் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பந்தெறிபவர்களுக்கான கோச் ஹோல்பெக். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் எறிந்தவன் பக்கத்தில் உட்காருவார், முழங்கையின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார், "சுண்டுவிரல் எப்படி இருக்கு?" என்பார். சுண்டுவிரல் மரத்தால் முழங்கை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளும் கேட்கத் தவறியதில்லை.

ஒரே ஒரு நாள் தவிர.

3

மழையில் போன ஆட்டத்தை ஈடுகட்ட, அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றும் வழக்கமான ஒன்பதுக்குப் பதில் ஏழே இன்னிங்ஸ் (சுற்று). முதல் ஆட்டம் டால்டனுடையது. நான்கு இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை; அதாவது, பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் தளத்தை எவனும் சேரவில்லை.

அப்படி ஓர் ஆட்டம் போய்க்கொண்டிருந்தால் எறிபவனிடம் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. பேசினால் அடி விழுந்துவிடும். இது எங்கள் வழக்கம்.

[இங்கே இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்து ஒரு பத்தி எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். போணி ஆகும்முன் யாராவது கடன் கேட்டால் கடையைப் பூட்டிக்கொண்டு போகிற வம்சம் என்னுடையது. நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது?]

ஐந்தாவது இன்னிங்ஸில் டால்டனின் சுண்டுவிரல் மரத்தது. பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தான். அவனுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே ஒரு குடும்பமே உட்காரலாம். ஹோல்பெக் தண்ணீர்க் குடுவை அருகே நின்று, ஏற்கெனவே காலியான குவளையைக் குடித்துக்கொண்டிருந்தார். யோஹானுக்கோ கையுறையே சொல்லிவிட்டது. பந்து வந்து விழும் சத்தம் மாறியிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு டால்டன்மேல் சந்தேகம் வந்தது. கடையில் வைத்தே கேட்டேன்.

"மத்தவங்கதானே பேசக் கூடாது? அவன் வாயை யாரு கட்டினது? அவனே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட சொல்வான் முதலாளி? திரும்பிப் பாத்தா எல்லாரும் வானத்தப் பாக்குறோம்."

"நீ கேட்டிருக்கலாம்."

யோஹான் பந்தின் தையலை நகத்தால் நெருடினான். "நான் கேட்டு, அடுத்த பந்துல அடி விழுந்தா? வாழ்க்கை பூரா அவன் ஆட்டத்தக் கெடுத்தவன்னு என்னைத்தானே சொல்வாங்க?"

ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்தை எதிராளி தரையோடு தட்டினான், அவன் ஓடித் தளம் சேரும்முன் பிடித்து முடித்தார்கள். அடி விழவேயில்லை. எல்லாரும் பாய்ந்து ஓடினார்கள். முதலில் போய்க் கட்டிக்கொண்டவன் யோஹான்.

நாலாவது இன்னிங்ஸுக்குப் பிறகு டால்டன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அவன் காதில்தான் விழுந்தது.

"கையத் தொடாத."

4

(இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும். அந்தக் காலமே அப்படித்தான் போயிற்று.)

டால்டனின் இடது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை உருவி வலது முழங்கையில் கட்டினார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் அணியின் பயிற்சிக்கூடம். ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே கிளம்பும்போது, அணி பத்திரப்படுத்திக் கொடுத்திருந்த அந்த ஆட்டத்துப் பந்தை யோஹானிடம் நீட்டி, "நீயே வச்சுக்க, இல்ல தூக்கிப் போடு" என்றான் டால்டன்.

பிறகு போனில்தான் பேச்சு.

"என்னடா கோதுமை, என்ன பண்ற?"

"துண்டு வீசுறேன்."

"துண்டா?"

"ஆமா. பந்துக்குப் பதிலா கையில புடிச்சுக்கிட்டே வீசணும், விடக் கூடாது."

"மணிக்கு எத்தன மைல் போகுது?"

"வைடா போன."

துண்டுக்குப் பிறகு பந்து வந்தது. பந்து எறிந்ததும் கை வீங்கியது. மறுபடி துண்டு. அவனோடு சேர்ந்தவர்கள் மேலே போனார்கள், அப்பா பல் டாக்டர் படிப்பைப் பற்றி நாசூக்காக விசாரித்தார். அவன் அட்டை என் கடையில் எட்டு டாலரிலிருந்து சில்லறைப் பெட்டிக்கு இறங்கியது. ஒரு கோடை முழுதும் போய், அடுத்த கோடையும் பாதியில்

போதும். அதற்கடுத்த மே மாதம் திரும்பி வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் நாலு மைல் குறைந்திருந்தது. யோஹான் அதே ஊரில், அதே பெஞ்சில், மேலேயும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் இருந்தான்.

5

யோஹான் பந்தை விற்க வந்த அன்று மாலைதான் கை குணமான டால்டனின் முதல் ஆட்டம். அவன் வருவதற்குள் அந்தப் பந்தைக் கைகழுவ நினைத்திருக்கிறான் இவன். "மீதிக் கதையப் பாத்துட்டு விலை சொல்லு" என்று பந்தை மேசையிலேயே விட்டுப் போய்விட்டான். நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போனேன்.

பெரிய அணியிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். டால்டனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று அன்றைக்கே முடிவு. நான்கு இன்னிங்ஸ் முடிந்தது. அடி விழவில்லை. டால்டன் பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தான். ஹோல்பெக் தண்ணீர்க் குடுவையிடம் போனார். டால்டன் வலது கையை ஒரே ஒரு தடவை உதறினான். யோஹான் பார்த்தான். யோஹான் பார்த்ததை நானும் பார்த்தேன்.

முடிவு ஒன்று: யோஹான் போய்க் கேட்கிறான். டால்டன் உண்மையைச் சொல்கிறான். கை பிழைக்கிறது, வேலை போகிறது.

முடிவு இரண்டு: கேட்கிறான். அதிகாரியின் கண் தன்மேல் இருப்பது தெரிந்து, டால்டன், "ஒண்ணுமில்ல, போடா" என்கிறான்.

முடிவு மூன்று: யாரும் கேட்கவில்லை. உதறியது வெறும் வியர்வை. அட்டை மறுபடி எட்டு டாலர். (இந்த முடிவை எழுதும்போது என் பேனா கொஞ்சம் வேகமாக ஓடியது. அவன் அட்டை என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. ஆகவே இதை நம்பாதீர்கள்.)

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஊர்ப் பேப்பரிலும் வந்தது. சொல்வதாக இல்லை. மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்த சரக்கைத் திருப்பி வாங்குவதில்லை.

இதுவரைக்கும் சொல்கிறேன்: யோஹான் முழங்கால் காப்பின் பட்டையை இறுக்கிக்கொண்டு எழுந்தான். வலப்பக்கம் களத்துக்குப் போகும் படி. இடப்பக்கம் பெஞ்சின் கோடி.

கணக்கு: யோஹானுக்கு நான் தரவேண்டியது பன்னிரண்டு டாலர். உங்களுக்கு நான் தரவேண்டியது ஒரு முடிவு. டால்டனுக்கு யோஹான் தரவேண்டியது ஒரு கேள்வி.

மூன்றும் பாக்கி.