விருந்தாளிக்கு மட்டும் நிறையும் விரிப்பு

நார்முராதின் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் விருந்தாளி வந்து உட்கார்ந்தால் உணவு தானாக வந்து சேரும். வீட்டு ஆளுக்கு ஒரு உலர்திராட்சைகூடக் கிடைக்காது. தாஷ்கண்டில் உருளைக்கிழங்கு விலை தாறுமாறாக ஏறிய வசந்தத்தில் இது தொடங்கியது. மனைவி ஸவ்ரா இறந்ததற்குத் துக்கம் கேட்க அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். அடுப்பில் ஒன்றுமில்லாத வெட்கத்தோடு அவர் வெறும் விரிப்பை விரித்தார். வந்தவர்கள் வயிறார உண்டு, உள்ளங்கைகளை முகத்தில் தடவி வேண்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் மிச்சமெல்லாம் மறைந்தது. நடுவில் நார்முராதும் ஒரு சம்சாவை எடுத்துக் கடித்துப் பார்த்திருந்தார். காற்றை மென்றது போலிருந்தது. மஹல்லாவில், அதாவது அந்தக் குடியிருப்பில், கொஞ்ச நாள் இதைப் பேசினார்கள், பிறகு வெங்காய விலையைப் பேசப் போய்விட்டார்கள்.

நார்முராத் சந்தையில் கைவண்டி தள்ளுபவர். விடியலில் போய் இருட்டில் திரும்பும் ஆள் சின்னப் பிள்ளையை எப்படி வளர்ப்பார்? மகள் ஹுல்காரை ஜிஸாக் ஊரில் இருந்த தன் அக்கா வீட்டில் விட்டிருந்தார். அரசு உதவித்தொகை கிடைத்தால் கூடுதல் நேரம் வண்டி தள்ள வேண்டாம், குளிருக்கு நிலக்கரி வாங்கலாம், பிள்ளையை அழைத்து வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் பிள்ளைகள் அவரை மாமா என்பார்கள். ஒருநாள் தொலைபேசியில் ஹுல்காரும் அவரை மாமா என்றே கூப்பிட்டாள். அன்று அவர் தர்பூசணிச் சுமையை வேறு யாருடைய கடையிலோ இறக்கிவிட்டு வந்து ஏச்சு வாங்கினார்.

உதவித்தொகை வேண்டுமென்றால் மஹல்லாக் குழு வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். குழுத் தலைவி இனோபத் கறாரானவர், கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவர் கண்டதோ ஆட்டிறைச்சி சம்சா, அல்வா, பாதாம், சீமைமாதுளை ஜாம். சாப்பிட்டுவிட்டு, வசதியான குடும்பம் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டும் அதே கதை. பக்கத்து வீட்டு ஷோகிருக்குப் பொறுக்கவில்லை.

“அந்தத் துணிய மடிச்சுப் பெட்டியில போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே அண்ணே?”

“வீட்டுக்கு வந்தவங்கள வெறுந்தரையப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? உன் வீட்டுல நீ செய்வியா?”

ஷோகிர் தலையைச் சொறிந்தான். இருந்தாலும் மூன்றாம் ஆண்டு விரிப்பைப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். குழு வந்து உட்கார்ந்தது. நார்முராத் தேநீரை ஊற்றினார், வெறுந்தரையைப் பார்த்தார், காது சிவந்தது. அடுத்த நிமிடம் ஷோகிர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். இனோபத் விரலைத் துடைத்துக்கொண்டே, இந்தத் தெருவிலேயே இப்படி ஒரு சம்சா கிடையாது என்று மனதாரப் புகழ்ந்துவிட்டு, வழக்கம்போல் எழுதிக்கொண்டு போனார்.

அந்த இலையுதிர்காலத்தில் நார்முராத், ஆனது ஆகட்டும் என்று ஜிஸாக்குக்கு பஸ் ஏறினார். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் விரிப்பை விரித்தார். ஹுல்கார் உட்கார்ந்த மாத்திரத்தில் அது நிரம்பி வழிந்தது. பிள்ளை இரண்டு கையாலும் அல்வா தின்றது. நார்முராத் முற்றத்துக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். பெற்ற மகளை இந்த வீடு விருந்தாளியாக அல்லவா வைத்திருக்கிறது! பிள்ளை பசியில்லாமல் தூங்கும் என்ற நிம்மதியும் உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

ஹுல்கார் முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசிய வாரம் அல்வா நின்றது. சாத்த வராத ஜன்னலை எந்தப் பக்கம் உதைத்தால் சாத்த வரும் என்று அவள் கண்டுபிடித்தபோது பாதாம் நின்றது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அப்பாவின் கைவண்டியைக் கேலி செய்ததற்கு, ஹுல்கார் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தாள். அன்றோடு சம்சாவும் போயிற்று. ஒவ்வொன்று குறையும்போதும் நார்முராதுக்குச் சந்தோஷம் தாங்காது, ராத்திரி தூக்கமும் வராது. மிச்சம் இருந்தது ரொட்டி மட்டும்தான்.

முதல் பனி விழுந்த மாலையில் இனோபத் தன் உதவியாளரோடு அடுத்த ஆய்வுக்கு வந்தார். வாசலில் கால் வைக்கும் முன் உள்ளே பேச்சுக் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். விரிப்பில் ஒன்றுமே இல்லை.

“ஒண்ணுமே வரலப்பா. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?” என்று கேட்டாள் ஹுல்கார்.

“இல்லடி தங்கம். நீ இந்த வீட்டுப் புள்ளன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு.”

சொல்லிவிட்டு நார்முராத் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், அன்றைய கூலியில் வாங்கிய ஒற்றை ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். வெறும் விரிப்பின் முன்னால் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்த மனிதனை இனோபத் அதுவரை கண்டதில்லை. உதவியாளர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். இனோபத் தடுத்துவிட்டார்.

“வேணாம். உள்ள போனா வயிறு முட்டத் தின்னுட்டு மறுபடியும் பொய்தான் எழுதணும்.”

தலைமுக்காட்டில் பனி விழ, வெளியே நின்றபடியே, கண்டதை எழுதினார். குளிர் முடிவதற்குள் உதவித்தொகை வந்தது, நிலக்கரியும் வந்தது. அந்த மஹல்லாவில் குழு இப்போதும் எல்லா வீட்டையும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. ஹுல்கார் பள்ளித் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வருவாள். அவர்கள் அல்வாவும் பாதாமும் தின்பார்கள். அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய்ந்த ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றபடி, இன்னும் சாப்பிடுங்கள் என்று எல்லோரையும் உபசரிப்பாள்.