பாதிப் பூதம்

1

இந்தக் கதை எனக்கு லிப்டில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடியிருப்பில் லிப்ட் மெதுவாகத்தான் ஏறும். ஐந்தாவது மாடி வருவதற்குள் ஒரு மனிதர் தன் குடும்பக் கஷ்டத்தையே சொல்லி முடித்துவிடலாம். அன்று என்னோடு ஏறியவன் கிருபாகரன். கரூர்ப் பக்கத்துப் பையன், ஐ.டி. வேலை. என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவன், ஆனாலும் வாய் கூசாமல் ஆன்ட்டி என்பான். முகம் தொங்கிப்போயிருந்தது. என்னப்பா என்றேன்.

“ஒருத்தங்கள ஜெயிக்க வெச்சேனுங்க ஆன்ட்டி. அதுக்குத் திட்டு வாங்கிட்டு வர்றேன்.”

எழுதுகிறவள் காதில் இப்படி ஒன்று விழுந்தால் விடுவாளா? வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காபியைக் கையில் கொடுத்து, முழுவதையும் கறந்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே வளர்ந்த ஜெயசீலிக்கு அந்தக் கணினி ஒரு — கைவிட்டேன். இதற்குமேல் எழுதினால் பின்னணியில் யாராவது புல்லாங்குழல் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.]

[கள்ளிக்குப்பத்தில், கண் தெரியாத பெண் ஒருத்தி பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கைவிட்டேன். பூதம் வரவேண்டிய இடத்தில் கண் வந்து நிற்கிறது.]

ஆகவே பூதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கிருபாகரன் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்தான். பெயர் ‘தீவட்டி’. போனிலோ கணினியிலோ எதையும் இறக்க வேண்டாம். பிரவுசரில் திறந்தால் போதும். நீங்கள் ஒரு பாத்திரமாக மாறி, கையில் தீவட்டியோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறீர்கள். படம் கொஞ்சம், எழுத்து நிறைய. ‘மேற்கே ஒரு வழி. ஈரக்காற்று வருகிறது. என்ன செய்கிறாய்?’ என்று கேட்கும். அடியாழத்தில் கற்பூதம் இருக்கிறது. அதனிடம் செத்தால் செத்ததுதான். சேர்த்த கயிறு, எண்ணெய், வாள் எல்லாவற்றோடும் உங்கள் பாத்திரம் ஒரேயடியாக அழிந்துவிடும். மறுபடி வெறுங்கையோடு மேலேயிருந்து தொடங்க வேண்டும்.

ஜெயசீலியின் பாத்திரத்துக்குப் பெயர் சிங்காரி. அவளை வளர்க்க ஜெயசீலிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

3

ஜெயசீலிக்கு நாற்பதை ஒட்டிய வயது. டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. கணவன் பெனிட்டோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். கணினியில் இருப்பதை அவளுக்கு ஒரு திரை வாசிப்பான் உரக்கப் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது எனக்குக் கடுகு பொரிவதுபோலத்தான் கேட்டது. அவளுக்கோ அது ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்கிறது.

முதன்முதலில் அவள் தீவட்டிக்குள் நுழைந்தபோது வாசிப்பான் சொன்னது: பட்டன். பட்டன். பட்டன். பட்டன். வாளும் கேடயமும் வெறும் படங்களாக இருந்தன; படத்துக்குப் பெயர் வைக்க கிருபாகரனுக்குத் தோன்றவில்லை. அவள் எந்தப் பட்டன் எதற்கு என்று தட்டித் தட்டிச் செத்துக் கண்டுபிடித்து, பிறகு அவனுக்கு எழுதினாள். பாவம், நல்ல பையன். ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தான். அமைப்புப் பக்கத்தில் ‘திரை வாசிப்பான் பயன்படுத்துகிறேன்’ என்று ஒரு கட்டமும் போட்டான். அதில் டிக் செய்தால் வரைபடம் எழுத்தாக மாறிவிடும். அவள் டிக் செய்தாள்.

[அந்தக் கட்டத்துக்குப் பின்னால் அவன் இன்னொன்றையும் வைத்தான். அதை இப்போது சொன்னால் அடுத்த பகுதி படுத்துவிடும்.]

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து பெனிட்டோ ஆட்டுக்கறி கழுவிக்கொண்டிருந்தபோது, சிங்காரி கற்பூதத்தின் குகைக்குள் நுழைந்தாள்.

அவள் சும்மா நுழையவில்லை. தீவட்டியில் அவள் சேர்ந்திருந்த அணியில் பூந்தமல்லியிலிருந்து விளையாடும் கௌதம் போன மாதம்தான் அங்கே செத்திருந்தான். அவன் எப்படிச் செத்தான் என்று கேட்டுக் கேட்டு அவனை அழவைக்காத குறையாகத் துருவியிருந்தாள். பூதம் வலக்கையை ஓங்கினால் அடுத்தது இடக்கால் என்பதும், கர்ஜித்தால் ஒரு சுற்று சும்மா இருக்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஓங்கியது, கேடயம். கர்ஜித்தது, வாள். கடைசியில் வாசிப்பான் அதே உப்புச்சப்பில்லாத குரலில் சொன்னது: பூதம் சரிந்தது.

ஜெயசீலி மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தீவட்டியில் அதுவரை யாரும் பூதத்தைக் கொன்றதில்லை. பெனிட்டோ ஈரக்கையோடு ஓடிவந்து, தானும் கேட்க வேண்டும், மேலேயிருந்து கீழேவரை மொத்தமாகப் படிக்க விடு என்றான். அவனுக்காக அவள் வேகத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

வாழ்த்துகள் சிங்காரி. நீயே முதல் வெற்றியாளர். உன் பெயர் பலகையில் ஏறியது. அப்புறம் விதிமுறைகள். அப்புறம் உரிமை அறிவிப்பு. அதையெல்லாம் எந்த மனிதரும் அதுவரை கேட்டதில்லை. அதற்கும் கீழே, அவள் கையை எடுப்பதற்குள், வாசிப்பான் இன்னொரு வரியையும் படித்தது.

சோதனைக் குறிப்பு. உதவி நிலை இயங்குகிறது. எதிரியின் பலம் பாதி.

“இன்னாது பாதி?” என்றான் பெனிட்டோ.

மேல் அம்பு விசையைத் தட்டி அவள் அந்த வரியை மறுபடி கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கறி நன்றாக வந்திருந்ததாம். அவளுக்கு ருசி தெரியவில்லை.

[அந்தக் கட்டத்தில் டிக் செய்தவர்களுக்கு எல்லா எதிரியும் பாதி பலம்தான். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தான் மட்டும் பார்த்துக்கொள்ள கிருபாகரன் ஒரு வரி எழுதி, பின்னணியும் எழுத்தும் ஒரே கறுப்பாக வைத்துவிட்டான். கண்ணுக்கு மறைத்தால் மறைந்துவிட்டது என்று நினைக்கிற ஆள். சிரிக்காதீர்கள். அடுத்து என் முறை வருகிறது.]

5

உடனே கிருபாகரனுக்குப் போன் போட்டாள். அவன் மழுப்பவில்லை. எல்லாம் நல்லதுக்காகத்தான் செய்தேன், மற்றவர்களைவிட நீங்கள் இரண்டு மடங்கு கஷ்டப்படுகிறீர்கள், அதற்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டுமே என்றான்.

“பாதிப் பூதத்த கொன்னுட்டு முழுப் பூதத்த கொன்னவன்னு பேரு வெச்சிகினு நா இன்னா பண்றது தம்பி? அந்தப் பேர எடு. பூதத்த முழுசாக்கு. நா மறுபடி எறங்குறேன்.”

செத்தால் சிங்காரி மொத்தமாகப் போய்விடுவாளே என்று பதறினான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அப்படி ஆனால் யாருக்கும் தெரியாமல் தானே திரும்பக் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னான்.

“கௌதமுக்கு கொண்டாந்தியா?”

இதைத்தான் அவன் லிப்டில் திட்டு என்று சொன்னது.

அன்றைக்கே அவள் அணியின் அரட்டைக் குழுவில் நடந்ததை எழுதினாள்: நான் கொன்றது பாதிப் பூதம், வாழ்த்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கௌதம் உடனே, விடுக்கா, எப்படியோ பூதம் செத்ததல்லவா என்று எழுதினான். அவன் பாத்திரம் போனவன். அவனே இப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

6

கிருபாகரனிடம் நம்பர் வாங்கி, ஜெயசீலியிடமும் பேசிக் கேட்டு எழுதிய இதுவரைக்குமான வரைவை அவளுக்கு அனுப்பினேன். என் பழக்கப்படி, வேண்டாத வாக்கியங்களின் குறுக்கே கோடு போட்டு அப்படியே விட்டிருந்தேன். ஆசிரியரின் தயக்கம் தெரியட்டும் என்று ஒரு பகட்டு. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

“மேடம், நா எப்ப அழுதேன்?”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொல்லிக் காட்டினாள்: ஜெயசீலி தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

அது அடித்த வரிம்மா, குறுக்கே கோடு இருக்கிறது என்றேன்.

“கோடு போட்டா அதுக்கு எப்டி மேடம் தெரியும்? எழுத்து இருந்தா அது படிச்சிடும். நீங்க அடிச்சது மொத்தமும் எனக்கு கேட்டுச்சி. இருட்டுல பொறந்தவளாமே நானு. நீங்களும் கிருபா தம்பியும் ஒரே ஸ்கூலா?”

எனக்கு முகம் சிவந்தது. அவள் சொன்னது சரிதான். அவன் கறுப்புக்குள் ஒளித்தான், நான் கோட்டுக்குள் ஒளித்தேன்; இரண்டு பேரும் ஒளித்தது இரக்கத்தைத்தான். அதனால்தான் இந்தக் கதையில் எந்த வரிக்குக் குறுக்கேயும் கோடு கிடையாது. விட்டதை அடைப்புக்குள் போட்டு, விட்டேன் என்று வாயால் சொல்லிவிடுகிறேன்.

7

நான் கள்ளிக்குப்பத்துக்கே போய்விட்டேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர். இந்த டம்ளர் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது கோயில் திருவிழாவில் நாற்காலி விளையாட்டு நடக்கும். பாட்டு நின்றதும் ஓடிப்போய் உட்கார வேண்டும். வருஷா வருஷம் ஜெயசீலிதான் ஜெயிப்பாள். பரிசு டம்ளர். தனக்குக் காது கூர்மை, பாட்டு நிற்கப்போவது முன்கூட்டியே தெரிகிறது என்று அவள் பெருமையாக நம்பினாள். ஒரு வருஷம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் தன் தங்கச்சியிடம் கிசுகிசுப்பது கேட்டது: அது அவளோடது, நீ உக்காராத. அதற்குப் பிறகு அவள் விளையாடப் போகவில்லை.

[இது கதைக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம். என் கற்பனை என்று நீங்கள் நினைத்தாலும் தப்பில்லை. ஆனால் அந்த டம்ளரில் டீ குடித்தவள் நான். அடியில் அந்தச் சர்ச் பங்கின் பெயர் பொறித்திருக்கிறது.]

அப்படியென்றால் உதவியே கூடாதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள் என்றுதான் எழுத வருகிறது. [கைவிட்டேன்.] டம்ளரைக் கீழே வைத்தாள்.

“யாரு கூடாதுன்னா? பட்டனுக்கு பேரு வெக்க சொல்லி நான்தான கேட்டேன். கேட்டு வாங்கனா அது உதவி மேடம். கேக்காம குடுத்தா அது நாற்காலி.”

கிருபாகரனிடம் அவள் வைத்த கோரிக்கையும் அதுதான். பாதிப் பூதத்தைத் தூக்கிவிட வேண்டாம், எல்லாருக்கும் வை. பாதியா முழுசா என்று நுழையும்போதே கேள். எது என்று திரையின் உச்சியில் எல்லாரும் பார்க்கிற, எல்லாரும் கேட்கிற வரியாகப் போடு. அவன் போட்டுவிட்டான். பலகையிலிருந்து அவள் பெயரும் இறங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிங்காரி இறங்குகிறாள். முழுப் பூதம்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

[சிங்காரி ஜெயிக்கிறாள். பெனிட்டோ ஈரக்கையோடு ஓடிவருகிறான். விட்டேன். பூதத்தின் பலத்தை இந்தத் தடவை நான் குறைத்துவிட்டேன்.]

[சிங்காரி சாகிறாள். ஜெயசீலி சிரித்துக்கொண்டே புதுப் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கிறாள். விட்டேன். ஒரு வருஷ உழைப்பு போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். தோற்பதையும் நான் அவளுக்குச் சுலபமாக்கிக் கொடுக்கிறேன்.]

[கிருபாகரன் மனசு கேட்காமல் மறுபடியும் ரகசியமாக — இதை அவளிடம் படித்தே காட்டினேன். “தம்பி பேர கெடுக்காதீங்க, வாக்கு குடுத்துக்கீது” என்று ஒரே வெட்டாக வெட்டினாள்.]

ஞாயிறு வரை பொறுத்திருந்து, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன் என்றேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை. “நா எறங்கறதுக்கு முன்னாடி கதைய முடிச்சிடுங்க மேடம். அப்பால உங்க கை சும்மா இருக்காது.”

உண்மைதான், இருக்காது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் இங்கே நிறுத்துகிறேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தொண்டைவரை இருக்கிறது. மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம்; பூதத்தின் மேல் கைவைக்க வேண்டாம்.

9

எட்டாம் பகுதியோடு முடித்து அவளுக்கு அனுப்பினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன், அந்தப் பக்கம் கடுகு பொரிந்து முடிந்தது. ஆனால் விசைப்பலகைச் சத்தம் நிற்கவில்லை. டக், டக், டக் என்று ஒரே விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் வாசிப்பான் என் கடைசி வரியையே திரும்பத் திரும்பச் சொன்னது.

என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

“கீழ எதுனா ஒளிச்சி வெச்சிக்கீறீங்களான்னு பாக்குறேன்.”

இன்னும் சில தடவை தட்டினாள். பிறகு, ம், சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கீழே ஒன்றும் இல்லை. வேண்டுமானால் நீங்களும் தட்டிப் பாருங்கள்.