நடுப்பகுதி யார் போட்டது

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கிதார் வாசிப்பான். தங்கை கணினி முன்னால் உட்கார்ந்து, எந்தக் கம்பியை எத்தனையாவது கட்டத்தில் அழுத்த வேண்டும் என்று எண்களாகத் தட்டிப் போடுவாள். அவன் மெட்டுகளை ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போடப்போகிறது. வேலை தொடங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சு என்றாலே சண்டைதான்.

"மூணாவது கம்பியில ஏழு போட்டிருக்க. நான் பிடிச்சது ரெண்டாவதுல மூணு."

"ரெண்டும் ஒரே சுரம்தான்."

"சுரம் ஒண்ணு. கை ஒண்ணா? கண்ணை எங்க வச்சிருக்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். அப்போதுதான் பக்கத்தின் தலைப்பு கண்ணில் பட்டது. 'இசை' என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும். இந்த மெட்டு பாதியில் நின்றுபோய் அவன் கிதாரை மூலையில் சாத்தியிருந்த நாட்களில், அதன் நடுப்பகுதியை ஒவ்வொரு சுரமாக இதே திரையில் கட்டியவள் அவள்.

"என் பேர் எங்க?"

"எதுக்கு?"

"நடுப்பகுதி யார் போட்டது?"

"நீ டைப் அடிச்ச. டைப் அடிச்சவங்க பேரெல்லாம் போட்டா, பேப்பர் வித்தவன் பேரையும் போடணும்."

அவள் அந்தப் பகுதியை மட்டும் மவுசால் இழுத்துப் பிடித்து அழித்தாள். எண்கள் போன இடத்தில் மென்பொருள் தானாகவே மௌனக் குறிகளை நிரப்பியது. அவன் எழுந்து வருவதற்குள் சேமித்து மூடிவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?"

"என்னோடத எடுத்துக்கிட்டேன். உன்னோடது பத்திரமா இருக்கு, பாத்துக்கோ."

"எனக்கு மனப்பாடம். இப்பவே வாசிக்கிறேன், போடு."

"நீயே போடு."

அவளுடையதை வாசிக்க அவனுக்கும் ரோஷம் விடவில்லை. அந்த அறையிலிருந்து பல நாள் ஒற்றை விரல் தட்டலும் வசவும் மாறி மாறிக் கேட்டன. ஒருநாள் கதவை அகலத் திறந்து வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டிப் புதிய நடுப்பகுதியை ஓடவிட்டான்.

சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தவள் குப்பையாகத்தான் இருக்கும் என்று காதைத் தீட்டினாள். குப்பையில்லை. அவளுடையது இறங்கிய இடத்தில் இது ஏறியது. அவளுக்குத் தோன்றியே இருக்காத ஓர் இடத்தில் திரும்பி மெட்டோடு சேர்ந்தது. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

அவன் வாசலில் வந்து நின்றான். "எப்படி?"

"ஒரு தப்பு இருக்கு."

"எங்க?"

"நீதான பெரிய இசையமைப்பாளர். கண்டுபிடி."

தப்பு எதுவும் இல்லை. அன்று முழுக்க அவன் அதையே திரும்பத் திரும்ப ஓட்டித் தேடினான். ஒவ்வொரு தடவையும் அவளும் கேட்க வேண்டியிருந்தது.